குடியாத்தத்தில் இருந்து சென்சரி தெரபிக்கு (புலன் பயிற்சிக்கு) எங்கே போவது? (4 வயதுப் பையன், ஆட்டிசம்)

குடியாத்தத்து அம்மா:

வணக்கம். பையனுக்குப் போன ஆடியில் 4 வயது முடிந்தது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இன்னும் வரவில்லை, ஏதாவது வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருள் முன்னால் நிறுத்துவான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது வீட்டில் தினமும் போராட்டமாக இருப்பது வேறு.

மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிடுகிறான், அதனால் சட்னி அரைப்பதே அவன் தூங்கும்போதுதான். ஆனால் பக்கத்து வீட்டில் தறி நாள் முழுக்க ஓடுகிறது, அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நிற்கிறான்! கட்டிலில் இருந்து குதிக்கிறான், குதிக்கிறான், காலில் அடிபட்டாலும் அழுவதில்லை. சட்டைக் காலர் எல்லாம் கடித்துக் கடித்து நைந்துவிட்டது. சாப்பாடு தயிர் சோறு மட்டும்தான், அதில் ஒரு கடுகு கிடந்தாலும் தட்டு பறக்கும். முடி வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டும்.

ஒரு சென்டரில் மூன்று மாதம் அனுப்பிப் பார்த்தோம். ஊஞ்சல், பந்துத் தொட்டி, கலர் லைட் எல்லாம் இருந்தது, பார்க்கவே ஆசையாக இருக்கும். என்னை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "சென்சரி கொடுத்தோம்மா" என்பார்கள். டானிக் கொடுத்த மாதிரி. மூன்று மாதத்துக்குப் பிறகும் மிக்ஸிக்கு ஓடுகிறான், காலரைக் கடிக்கிறான், காசுதான் போனது.

வேலூரிலேயே முறையாகச் செய்கிற இடம் இருக்கிறதா, இல்லை சென்னைக்குத்தான் போக வேண்டுமா? வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு கிடையாது. அதனால் நான்தான் தனியாக இவனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மாமியார் "அவங்க அப்பனே லேட்டாத்தான் பேசினான், மந்திரிச்சா சரியாயிடும்" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி அப்பா:

அக்கா, என் பொண்ணுக்கு இப்போது 9 வயது. நீங்கள் எழுதியதைப் படித்தால் ஐந்து வருடத்துக்கு முன்னால் என் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது (எங்களுக்கு மிக்ஸி இல்லை, குக்கர் விசில்).

முதலில் ஒன்று. தெரபி சென்டர் தேடுவதற்கு முன்னால் டாக்டரிடம் முழுசாக ஒரு தடவை காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டெவலப்மென்டல் பீடியாட்ரிக்ஸ் என்று தனியாக இருக்கிறது, வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பார்க்கும் பிரிவு. சி.எம்.சி.க்கு ஊருக்குள் ஒன்றுக்கு நாலு இடம் இருக்கிறது, அதனால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் முதல் நாள் தப்பான இடத்தில் போய் வரிசையில் நின்றவன். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்துக்குள் நம்பிக்கை நிலையம் என்று குழந்தைகளுக்கான பிரிவு இருக்கிறது. அங்கே பெற்றோரும் பிள்ளையோடு தங்கி, வீட்டில் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டு வரலாம். கல்கத்தா, அசாம் பக்கம் இருந்தெல்லாம் வந்து தங்குகிறார்கள், நமக்கு 1, 2 நம்பர் பஸ்ஸில் போகிற தூரம். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை என்கிறீர்கள், அதனால் தங்குவது கஷ்டமாக இருக்கலாம், ஆனால் கேட்டு வையுங்கள்.

காசுதான் பெரிய பிரச்சினை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. பற்றி விசாரியுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்று பெயர். 2013-ல் ஆரம்பித்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் வருவது, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, காசு கிடையாது. அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்களே ஒரு டாக்டர் டீம், அவர்களே அங்கே எழுதி அனுப்புவார்கள்.

காது டெஸ்ட் எடுத்தாயிற்றா? பேச்சு வராத எல்லாப் பிள்ளைக்கும் எடுக்க வேண்டும். "சத்தத்துக்குத்தான் காதைப் பொத்துகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது" என்று நாங்களும் விட்டோம், அப்படி விடக்கூடாதாம்.

அப்புறம் பேப்பர் வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொல்லியிருக்கிற 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஐசா என்று 40 கேள்வி உள்ள அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார்கள், 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. "இப்பவே சர்டிபிகேட் வாங்கி முத்திரை குத்தணுமா" என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் கேட்டார்கள், அந்த ஒன்றரை வருடமும் எந்தச் சலுகையும் இல்லாமல் போனதுதான் மிச்சம். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிரமயா இன்சூரன்ஸில் வருடத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பஸ் பாஸ், உதவித்தொகை இரண்டையும் ஒரே நடையில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான "விழுதுகள்" சேவை மையம் உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்றும் அங்கேயே கேட்டுவிடலாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது டவுன் பஸ்ஸுக்குத்தான், குடியாத்தத்தில் இருந்து வேலூர் வர டிக்கெட் எடுத்தாக வேண்டும், வாரம் இரண்டு நடை என்றால் அதுவும் ஒரு செலவுதானே.

கடைசியாக ஒன்று, எதையும் வாங்கிவிடாதீர்கள். நான் ஆன்லைனில் 6,000 ரூபாய்க்கு டிராம்போலின் வாங்கினேன். பொண்ணு இரண்டு நாள் குதித்தாள். இப்போது அதில் துணி காய்கிறது.

ஓ.டி. (வேலூர்):

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற தொழில், குழந்தைகளோடுதான் வேலை. எங்கே வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும்.

அம்மா, நீங்கள் மிக்ஸியையும் தறியையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. இரண்டும் சத்தம்தான். ஆனால் தறி ஒரே தாளத்தில் ஓடுகிறது, அடுத்தது என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். சுவர் வழியாக அதிர்வும் வருகிறது, அது உடம்புக்குப் பிடித்திருக்கிறது. மிக்ஸி திடீரென்று அலறுகிறது, எப்போது நிற்கும் என்று தெரியாது. எனவே "இவனுக்குச் சத்தம் ஆகாது" என்று யாராவது ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் பையனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். குதிப்பது, அடிபட்டும் அழாதது, காலர் கடிப்பது இதெல்லாம் இன்னொரு பக்கம். மூட்டிலும் தசையிலும் இருந்து மூளைக்குப் போகிற சேதி அவனுக்குப் போதவில்லை, அதனால் தேடித் தேடி வாங்குகிறான் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். ஒரே பிள்ளைக்கு ஒரு புலன் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இருக்கும். மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் டி.எஸ்.எம். என்ற அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் (2013) இதை ஆட்டிசத்தின் அறிகுறிகளிலேயே சேர்த்துவிட்டார்கள்.

முறையான சென்சரி தெரபிக்குச் சென்சரி இன்டகிரேஷன் என்று பெயர், புலன்களில் இருந்து வரும் சேதிகளை மூளை ஒருங்கிணைக்கப் பழக்குவது. இது ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. உருவாக்கியது, 1972-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவர் சொன்ன முறையில் பிள்ளைதான் முன்னால் போகும், நாங்கள் பின்னால் போவோம். ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டே எட்டி ஒரு பந்தை எடுக்க வேண்டும், கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் அவனால் முடிகிற கஷ்டமாக இருக்க வேண்டும். பிள்ளையை ஊஞ்சலில் போட்டு ஆட்டிவிட்டு போனைப் பார்ப்பதற்கும் கலர் லைட் அறையில் உட்கார வைப்பதற்கும் அந்தப் பெயர் கிடையாது. பிரஷ் வைத்துக் கை காலைத் தேய்த்துவிட்டால் மட்டும் ஆகிவிடாது.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: யார் செய்கிறார், பி.ஓ.டி. படித்தவரா (ஆக்குபேஷனல் தெரபியில் நாலு வருடத்துக்கு மேல் படிக்கிற பட்டம், ஆறு மாத டிப்ளமோ இல்லை), சென்சரி இன்டகிரேஷனில் தனிப் பயிற்சி எடுத்தாரா, முதலில் மதிப்பீடு செய்வாரா, நான் உள்ளே உட்காரலாமா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள். சில பிள்ளைகள் அம்மா இருந்தால் வேலை செய்யாது, அது நிஜம், அப்போதும் கண்ணாடி வழியாகவோ கடைசிப் பத்து நிமிடமோ காட்ட முடியும்.

சென்னைக்கு வாரா வாரம் போக வேண்டாம். சென்னை பக்கத்தில் முட்டுக்காட்டில் நீப்மெட் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம், சென்சரி யூனிட் உண்டு. ஒரு தடவை போய் மதிப்பீடு செய்துகொண்டு வீட்டுத் திட்டம் வாங்கி வரலாம், அதுவும் இங்கே கிடைக்கவில்லை என்றால்தான். 4 வயதுப் பிள்ளையை ரயிலில் போக வர இழுத்துக்கொண்டு போனால் அன்றைக்குத் தெரபி எல்லாம் பயணத்திலேயே கரைந்துவிடும்.

அதுவரை வீட்டில்: கனமான வேலை கொடுங்கள். சின்ன வாளியில் அவனால் முடிகிற அளவு தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரட்டும், அரிசி டப்பாவைத் தள்ளட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும். தூளி இன்னும் கட்டியிருக்கிறீர்களா? கொக்கி கெட்டியாக இருந்தால் உட்கார வைத்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள், அது அமைதிப்படுத்தும். சுற்றிவிடாதீர்கள், சுற்றினால் சில பிள்ளைகளுக்குப் பரபரப்பு ஏறிவிடும், வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. ஜமக்காளத்தில் சுருட்டுகிற விளையாட்டு அவனுக்குப் பிடித்தால் மட்டும், முகம் எப்போதும் வெளியே. எடைப் போர்வை (உள்ளே எடை வைத்துத் தைத்தது) நீங்களாக வாங்க வேண்டாம்.

காலர் கடிப்பதோடு மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் ஏதாவது தின்கிறானா? தின்றால் ரத்தத்தில் இரும்புச் சத்து பார்க்கச் சொல்லுங்கள். தயிர் சோறு மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்கு எப்படியும் பார்ப்பது நல்லது.

கணக்கு வாத்தியார், அரக்கோணம்:

யாரும் கேட்காததை நான் கேட்டுவிடுகிறேன், திட்டாதீர்கள்: இந்தச் சென்சரி தெரபியால் உண்மையிலேயே பலன் உண்டா? என் தங்கை பையனுக்காக இதையெல்லாம் தேடிப் படித்தேன். 2014-ல் அமெரிக்காவில் 32 பிள்ளைகளை வைத்து 30 செஷன் செய்து பலன் இருக்கிறது என்றார்கள். 2022-ல் பிரிட்டனில் 138 பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், வழக்கமாகக் கிடைக்கிற உதவியைவிட இது கூடுதலாக எதையும் செய்யவில்லை என்று முடிவு வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லேயே ஆதாரம் குறைவு என்று எச்சரித்திருக்கிறது. இங்கே ஊருக்கு ஊர் போர்டு வைத்து 45 நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். என் தங்கை நகையை வைத்தாள். பையனுக்கு இதில் பேச்சு வந்துவிடும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

ஓ.டி. (வேலூர்):

சார், திட்டவில்லை, நீங்கள் சொன்ன மூன்றும் சரி. 2014 ஆய்வில் பலன் என்று பார்த்தது என்ன தெரியுமா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் சொன்ன தனி இலக்கு. 2012 அறிக்கையும் இதைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. இலக்கு வைத்துக் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து பாருங்கள், மாற்றம் இல்லை என்றால் நிறுத்துங்கள் என்கிறது. நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன். "சென்சரி சரியாக வேண்டும்" என்பது இலக்கே இல்லை. "மிக்ஸி ஓடும்போது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்", "ஒருவர் மட்டும் பிடித்து முடி வெட்ட முடிய வேண்டும்" என்று இரண்டை எழுதி, தேதி போட்டு, பத்து பன்னிரண்டு வாரம் கழித்து அதே தாளை எடுத்துப் பாருங்கள்.

சென்சரி தெரபியால் பேச்சு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். அம்மா, கையில் இருக்கிற பணத்தில் ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் நான் அதற்குத்தான் போகச் சொல்வேன், என் தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்றாலும் பரவாயில்லை. படம் காட்டிக் கேட்கப் பழகினாலே பாதி கத்தல் குறையும்.

ஆற்காட்டு அத்தை:

நான் படித்தவள் இல்லை, பேரனை வளர்க்கிறேன், 7 வயது. முடி வெட்டும் விஷயம் மட்டும் சொல்கிறேன். கடைக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வருகிற ஒருவரையே வரச் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் அதே ஆள், அதே நாற்காலி. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கத்தரிக்கோலை வெறுமனே காது பக்கத்தில் கிளிக் கிளிக் என்று காட்டுவேன், வெட்ட மாட்டேன். தண்ணீர் ஸ்பிரே அடிக்கக் கூடாது, அதுதான் அவனுக்கு ஆகாது என்று ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். முன்னால் பாதி, மறுநாள் பின்னால் பாதி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நீ குடியாத்தம்தானே கண்ணு, வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருமே. அந்தக் கூட்டம், பம்பை, வெடி. அன்றைக்கு அவனை ஊரில் வைத்துக்கொள்ளாதே, அம்மா வீட்டுக்குப் போய்விடு. இல்லை மாமியார் சாமி பார்க்கணும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு நாள் முன்னாலேயே கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்துவிடு. மந்திரிப்பதற்கும் நான் எதிரி இல்லை, எங்கள் வீட்டிலும் தாயத்து இருக்கிறது, கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும். வேப்பிலை அடிக்கும்போது பிள்ளையை அழுத்திப் பிடிப்பார்கள், அதை மட்டும் விடாதே.

கடிப்பதற்கு வறுத்த வேர்க்கடலை கொடு, காலரை விட்டுவிடுவான்.

ஓ.டி. (வேலூர்):

அத்தை சொன்ன முடி வெட்டுகிற முறையை என் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அப்படியே காட்டப் போகிறேன், அத்தைக்குக் கோபம் இல்லையே? வேர்க்கடலை மட்டும் வேண்டாம், 5 வயதுக்குள் மூச்சுக்குழாயில் போய்விடலாம். ரஸ்க், சப்பாத்தி மாதிரி பெரிய துண்டு கையில் கொடுத்து நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

ஆற்காட்டு அத்தை:

கோபம் எதற்கு. என் பேரன் மூன்று வயதில் இருந்து தின்கிறான், சாமி புண்ணியம். இனிமேல் சொல்ல மாட்டேன்.

குடியாத்தத்து அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, இரண்டு தடவை படித்தேன், ராத்திரி வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று, அடுத்த மாதம் கிடைத்திருக்கிறது, எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். காது டெஸ்ட் எடுத்ததில்லை, அதையும் சொல்லியிருக்கிறேன். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போடுகிறான், அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை, கெட்ட பழக்கம் என்று அடித்திருக்கிறேன்.

நேற்று ஒன்று செய்து பார்த்தேன். மிக்ஸி திடீரென்று அலறுகிறது என்றீர்களே, அதனால் ஸ்விட்சை அவன் விரலாலேயே போட வைத்தேன். போட்டதும் ஓடினான். ஆனால் தெருவுக்குப் போகவில்லை, வாசற்படியில் நின்று காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். நான் பத்து எண்ணி நிறுத்தினேன். இன்று காலையில் அவனே வந்து என் கையை இழுத்துக்கொண்டு போய் மிக்ஸி முன்னால் நிறுத்தினான். மூன்று தடவை போட்டோம். சட்னி கூழாகிவிட்டது, மாமியார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

காட்பாடி அண்ணா, ஓ.டி. மேடம் மாதிரி யாராவது பார்த்து இவனுக்குக் குதிக்கிறது நல்லதுதான் என்று சொன்னால், அந்த டிராம்போலினை விற்பீர்களா?

காட்பாடி அப்பா:

சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா. கொடிக் கயிறு நாளைக்கே வாங்கி வைக்கிறேன்.